முந்நூற்று எண்பத்தெட்டாவது வார்னிங்

செருப்பை வெளியிலேயே விடுங்கள். அந்தப் பக்கம் இல்லை, இப்போதுதான் கழுவிவிட்டேன். இந்தப் பக்கம். ம். உட்காருங்கள். அந்த முக்காலிதான். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது. அது எனக்கு.

காபி கிடையாது. வீட்டுக்காரி மகளைப் பார்க்க ஓசூர் போயிருக்கிறாள். இருந்திருந்தாலும் கிடையாது.

சொல்லுங்கள். கோகிலவாணியா? தெரியும். ஆறு வருஷம் எனக்கு அடுத்த தடுப்பில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். அவளுக்கு என்ன இப்போது? பெங்களூரில் வேலை கிடைக்கிற மாதிரி இருக்கிறதா. கிடைக்கட்டும். அதற்கு என் வீட்டுக் கேட்டை எதற்கு ஆட்டுகிறீர்கள்? பழைய இடத்தில் விசாரித்து, ஆள் எப்படி என்று எழுதி வாங்கிக்கொண்டு போனால்தான் கொடுப்பார்களா. கம்பெனியில் கேட்க வேண்டியதுதானே. கேட்டாயிற்றா. என்ன சொன்னார்கள்? 'பணியில் ஏற்பட்ட தவறு காரணமாக விலகினார்.' ஒரே வரி. சரியான வரி. அதற்கு மேல் எதற்கு நான்?

ஓ. அந்த ஒரு வரியால்தான் நிற்கிறதா. கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் எழுதிக் கொடுத்தால் அதைப் பார்த்து முடிவு செய்வார்களா. இல்லையென்றால் இல்லையா. பதினோரு மாசமாக வீட்டில் இருக்கிறாளா. இது மூன்றாவது கம்பெனியா.

அதை எல்லாம் என்னிடம் எதற்குச் சொல்கிறீர்கள்? நான் கேட்டேனா?

என் பேரை யார் கொடுத்தது? டைட்டஸா?

அவளேவா.

ம்.

வேறென்ன கொடுத்தாள்? நோட்டு ஏதாவது கொடுத்தாளா? பச்சை அட்டை, நீள நோட்டு. இல்லையா. ஒன்றுமில்லை, சும்மா கேட்டேன்.

நீங்கள் போலீஸில் இருந்தவரா? நினைத்தேன். உட்கார்கிற விதத்திலேயே தெரிகிறது. ஏட்டா? ஏட்டாகவே ரிட்டையர் ஆனீர்களா. சரி. உங்கள் பேர்? மயில்சாமி. கேட்டுக்கொள்ளுங்கள், மயில்சாமி. நடந்ததை ஒரு தடவைதான் சொல்வேன். நடுவில் குறுக்கே பேசாதீர்கள். எனக்குப் பிடிக்காது.

எங்கள் கம்பெனி பெட்டி செய்கிறது. ஸ்கேன் சென்டரில் படம் எடுக்கிறார்கள் அல்லவா, தலைக்கு, வயிற்றுக்கு. அந்தப் படங்களைச் சேர்த்து வைக்கிற பெட்டி. பெட்டிக்குள் டிஸ்க். எந்தப் படம் டிஸ்கில் எந்த இடத்தில் இருக்கிறது, எந்த இடம் காலி என்று கணக்கு வைத்துக்கொள்கிற புரோகிராம் ஒன்று வேண்டும். ஃபைல் சிஸ்டம் என்போம். அதை எழுதியவன் நான். ஒன்றரை லட்சம் வரி. மூன்றில் இரண்டு பங்கு என் கையெழுத்து. பதினான்கு வருஷம் ஓடியது. ஒரு படம் தொலைந்ததில்லை. அந்தச் சுவரில் கேடயம் இருக்கிறது பாருங்கள். பித்தளை இல்லை, பிளாஸ்டிக்தான், முலாம். என்ன எழுதியிருக்கிறது? 'பழுதற்ற இருபத்தெட்டு ஆண்டுகள்.' சும்மா கொடுப்பார்களா?

அப்போதுதான் டைட்டஸ் வந்தான். மேனேஜர். நாகர்கோவில்காரன். முப்பத்தெட்டு வயது, சிரித்த முகம். சிரித்த முகத்தோடு வருகிற மேனேஜரை நான் நம்புவதில்லை. ஒரு திங்கட்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, "ஜெர்மனிக்காரங்க நம்ம பெட்டியை வாங்கப் போறாங்க. ஒரே ஒரு கண்டிஷன். வார்னிங் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. ஜீரோ" என்றான்.

வார்னிங் என்றால் தெரியாதா. தெரியாதுதான். சொல்கிறேன். நாம் எழுதியதைப் படித்து, மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும் ஒரு புரோகிராம் இருக்கிறது. கம்பைலர். தப்பாக எழுதியிருந்தால் மாற்ற மாட்டேன் என்று நின்றுவிடும். அது எரர். சில இடத்தில் நிற்காது. மாற்றிக் கொடுத்துவிடும், ஆனால் போகிறபோக்கில் முணுமுணுக்கும். 'இது சரியாக இருக்குமா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.' அதுதான் வார்னிங். எனக்கு முணுமுணுப்பு பிடிக்காது. மனிதன் முணுமுணுத்தாலும் பிடிக்காது, மிஷின் முணுமுணுத்தாலும் பிடிக்காது. அதனால் ஆரம்பத்திலேயே அதை அணைத்து வைத்திருந்தேன். ஒரு வரிதான். அணைத்தால் வாயை மூடிக்கொள்ளும்.

டைட்டஸ் அந்த வரியை எடுத்துவிட்டான். மூடியிருந்த வாய் திறந்தது. நானூற்றுப் பன்னிரண்டு முணுமுணுப்பு.

எல்லாம் ஒரே ரகம். உங்கள் மடியில் இருக்கிறதே, அந்தப் படிவம். அதில் கட்டம் கட்டமாக இருக்கிறது. ஒரு கட்டத்தில் நான் ஒன்றும் எழுதாமல் கொடுத்தால் அது காலி. பார்த்தால் தெரியும். கம்ப்யூட்டரில் காலிக் கட்டம் என்ற ஒன்றே கிடையாது. நான் எழுதாவிட்டால், எனக்கு முன்னால் அந்த இடத்தை வைத்திருந்தவன் விட்டுப்போன குப்பை அதில் கிடக்கும். ஏதோ ஒரு எண். படிக்கிறவனுக்கு அது குப்பை என்று தெரியாது. பதில் என்று எடுத்துக்கொள்வான். கம்பைலர் சொல்வது அதுதான்: 'இந்தக் கட்டத்தை எழுதாமலே படிக்கப் போகிறாய் போலிருக்கிறதே.' நானூற்றுப் பன்னிரண்டு இடத்தில்.

இதில் நானூறு வெறும் பயம். எழுதித்தான் இருக்கும், அதற்குப் புரியாது. அந்த நானூறை வைத்துக்கொண்டு மீதிப் பன்னிரண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். அந்த வேலையை டைட்டஸ் கோகிலவாணியிடம் கொடுத்தான்.

என்னிடம் ஏன் கொடுக்கவில்லை? என்ன கேள்வி இது? நான் மார்ச்சில் ரிட்டையர் ஆகப் போகிறவன். அதோடு, அது எழுதியவன் செய்கிற வேலை இல்லை. பெருக்குகிற வேலை.

கேன்டீன் வாசலில் டைட்டஸ் ஒரு போர்டு மாட்டினான். தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மீதி எத்தனை என்று அதில் எழுதுவான். நானூற்றுப் பன்னிரண்டு. முந்நூற்று எழுபது. முந்நூற்று இருபத்தைந்து. நூறு குறைந்தால் சமோசா. கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி கூட்டம். செக்யூரிட்டிகூட நின்று பார்ப்பான். "இன்னைக்கு எத்தனைங்க சார் வுழுந்துச்சு?" என்று என்னிடம் கேட்டான். கேட்டைப் பார் என்றேன்.

இவள் தினம் காலையில் என்னிடம் வந்து நிற்பாள். தாராபுரத்துக்காரி. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு இருக்கும். ஒல்லி. அந்தப் பச்சை நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "சார், ஒரு அஞ்சு நிமிஷங்க." நான் என் தடுப்பில் இரண்டாவது நாற்காலி வைப்பதில்லை. உட்கார இடம் கொடுத்தால் உட்காருவார்கள். உட்கார்ந்தால் பேசுவார்கள். கேள்வி இருந்தால் ஒன்பதே கால் முதல் ஒன்பதரை வரை, நின்றுகொண்டு. எல்லாருக்கும் அதுதான் விதி.

நின்றுகொண்டுதான் கேட்டாள். "சார், நூத்திப் பதினேழு. இது சும்மா கத்துதுங்க. மேலயே எழுதியிருக்கு. சரிங்களா?" சரி. "நூத்திப் பதினெட்டு. இதுலயும் அப்படித்தானுங்க. சரிங்களா?" சரி. ஒவ்வொன்றுக்கும் நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொள்வாள். நம்பர், தேதி, 'செ. சார் சொன்னது' என்று போட்டு. செ. என்றால் நான். சென்னியப்பன். "அதையெல்லாம் எதுக்கும்மா எழுதற, கோர்ட்டுல காட்டவா?" என்று ஒரு நாள் கேட்டேன். "மறந்துருவேனுங்க சார்" என்றாள். மறந்துவிடுவாளாம். ஆறு வருஷத்தில் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை.

அந்த நோட்டு உங்களிடம் இல்லைதானே? பையில் பார்த்துச் சொல்லுங்கள். சரி, சரி. கேட்கக் கூடாதா?

சும்மா கத்துகிறது என்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்? கட்டத்தில் முதலிலேயே ஒரு பூஜ்யத்தைப் போட்டுவிட வேண்டும். கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும். போர்டில் ஒன்று குறையும். அவ்வளவுதான் வேலை. ஐந்தாம் வகுப்புப் பையன் செய்வான். இவள் அதற்கு யோசிப்பாள். ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் நின்று யோசிப்பாள். "இங்க பூஜ்யம்னா என்ன அர்த்தங்க சார்?" என்பாள். டைட்டஸே ஒரு நாள் வந்து, "சார், அவங்க ரொம்ப மெதுவா போறாங்க, கொஞ்சம் தள்ளி விடுங்க" என்றான். நான் தள்ளிவிட்டேன். மேனேஜர் சொன்னால் செய்ய வேண்டியதுதானே.

எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பின்னால் உங்களுக்குப் புரியாது. புரோகிராமுக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டு, அதைப் பங்க்ஷன் என்போம்; அது வேலையை முடித்தால் ஒரு எண்ணைத் திருப்பித் தரும். பூஜ்யம் என்றால் பழுதில்லை, வேலை முடிந்தது. வேறு எந்த எண்ணாக இருந்தாலும் ஏதோ பழுது. உலகம் பூரா அப்படித்தான். பூஜ்யம் வந்தால் பெட்டியின் முகப்பில் பச்சை விளக்கு. மற்றது வந்தால் சிவப்பு.

ஒரு நாள் ஒன்பது நாற்பதுக்கு வருகிறாள். ஒன்பதரையோடு முடிந்தது என்று தெரியும் அவளுக்கு. நான் போனில் இருக்கிறேன். கண் ஆஸ்பத்திரி. புரை எடுக்க நாள் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அந்தப் பெண் என்னைப் பாட்டுக் கேட்க விட்டுவிட்டுப் போய்விட்டாள். எரிச்சலில் இருக்கிறேன். இவள் எதிரே நிற்கிறாள்.

"சார், முந்நூத்தி எண்பத்தெட்டுங்க."

"பூஜ்யம் போடு."

"இல்லீங்க சார், இது அப்படி இல்ல போலிருக்குது. காலி இடம் தேடற பங்க்ஷனுங்க. இடம் கெடச்சா பூஜ்யம் வருது. டிஸ்க் கெட்டுப்போயிருந்தா அஞ்சு வருது. கடைசி வரைக்கும் தேடியும் இடமே இல்லைன்னா ஒண்ணுமே எழுதலீங்க. அப்படியே வெளிய வந்துருது."

"அதுக்குத்தான் பூஜ்யம் போடுங்கறேன்."

"பூஜ்யம் போட்டா, இடம் இல்லைன்னாலும் பழுதில்லைன்னு சொல்லீருமுங்களே சார்."

பார்த்தீர்களா? நான் எழுதிய பங்க்ஷனைப் பற்றி எனக்குச் சொல்கிறாள். போனில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. "அதை எழுதினவன் நீயா நானா? முந்நூத்தி எண்பத்தேழுக்கு என்ன போட்ட? பூஜ்யம். முந்நூத்தி எண்பத்தொன்பதுக்கு என்ன போடுவ? பூஜ்யம். இதுக்கு மட்டும் என்ன கொம்பா? போடும்மா, போ" என்றேன். நின்றாள். நோட்டில் எழுதினாள். எழுதிக்கொண்டே நின்றாள். அப்புறம் போனாள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், அவள் எப்படிப்பட்டவள் என்று நீங்கள் கேட்கிறீர்கள் அல்லவா? இப்படிப்பட்டவள். சொன்னால் ஒரு தடவையில் கேட்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவள் மாற்றியதை எல்லாம் என்னிடம் அனுப்புவாள். ஒருத்தர் மாற்றியதை இன்னொருத்தர் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். கம்பெனி விதி. அறுபது, எழுபது வரும். ஐந்தே முக்காலுக்கு பஸ். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தட்டாகத் தட்டிவிட்டுக் கிளம்புவேன். அறுபது பூஜ்யத்தில் என்ன பார்க்க இருக்கிறது?

ஜனவரி கடைசியில் போர்டில் சைபர் விழுந்தது. டைட்டஸ் மைசூர்பாகு வாங்கி வந்தான். கோகிலவாணியை முன்னால் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னான். நான் தட்டவில்லை. இவள் மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் வந்து, "சார், அந்த முந்நூத்தி எண்பத்தெட்டு மட்டும் இன்னும் மனசுல உறுத்துதுங்க" என்கிறாள். எல்லாரும் தின்றுகொண்டிருக்கிற நேரத்தில். "மைசூர்பாகைத் தின்னு" என்றேன்.

ஜெர்மனிக்குப் போகும் முன் நம் ஊரில் பழைய பெட்டிகளில் எல்லாம் புதிய புரோகிராமை ஏற்றினார்கள். நாற்பது சென்டர். ஒன்றில் டிஸ்க் நிரம்பியிருக்கிறது. எந்த ஊர் என்று வேண்டாம். பெரிய சென்டர் இல்லை, பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில். ஆள் வருகிறான், படுக்கிறான், படம் எடுக்கிறார்கள், பெட்டிக்கு அனுப்புகிறார்கள். பச்சை விளக்கு. அடுத்த ஆள். பச்சை விளக்கு. பத்தொன்பது நாள். ரிப்போர்ட்டை ஸ்கேன் மிஷினிலேயே பார்த்து எழுதி, பச்சை எரிந்ததும் அங்கே அழித்துவிடுவார்கள்; பெட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லை. அறுநூற்றுச் சொச்சம் பேர். ஒரு படம் இல்லை. எடுத்த படம் எங்கேயும் இல்லை. இடமே இல்லாத டிஸ்கில் இடம் இருக்கிறது, வைத்துவிட்டேன், பழுதில்லை என்று பெட்டி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. தலையில் கட்டி எடுக்க ஆபரேஷன் டேபிளில் ஒருத்தரைப் படுக்க வைத்துவிட்டு, டாக்டர் படத்தைத் திறந்தால் வெறும் கறுப்பு. இறக்கிவிட்டு மறுபடி ஸ்கேனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிழைத்துவிட்டார். அது அவர் நேரம்.

என்ன பார்க்கிறீர்கள்?

ஆமாம். அதே பங்க்ஷன்தான். காலி இடம் தேடுவது. ஆமாம், அதே நம்பர்தான். அதனால் என்ன? நான் அன்றைக்குப் பொதுவாகச் சொன்னேன். போனில் இருந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னேனே.

நீங்கள் என்னை விசாரிக்க வந்தீர்களா, அவளையா? அதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று கேளுங்கள். இவள் கை வைக்கும் முன்னால் பதினான்கு வருஷம் அந்த பங்க்ஷன் ஓடியதே. அப்போதும் டிஸ்க் நிரம்பியிருக்கும். நிரம்பினால் சிவப்பு விளக்குதான் எரிந்தது. ஆள் வந்து டிஸ்கை மாற்றினான். எப்படி? கட்டத்தில் கிடந்த குப்பை பூஜ்யமாக இருந்ததில்லை. நூற்றுப் பதினேழு, நாலாயிரத்து நாற்பது, ஏதோ ஒன்று. பூஜ்யம் இல்லை என்றால் பழுது. சிவப்பு. சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் பங்க்ஷனில் குப்பைகூட ஒழுங்காக வேலை செய்தது. இவள் கூட்டித் துடைத்துப் பூஜ்யம் வைத்தாள், கெட்டது.

சிரிக்காதீர்கள். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

விசாரணை வைத்தார்கள். மார்ச் இருபது. என் கடைசி நாள் முப்பத்தொன்று. கேடயத்துக்குச் சொல்லியாகிவிட்டது, பொன்னாடை வாங்கியாகிவிட்டது. மேலே இருந்து ஒரு ஆள் வந்திருந்தார், டைட்டஸ், நான், அவள். ஏசி அறை. அவள் மடியில் அந்த நோட்டு.

டைட்டஸ் அன்றைக்குச் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "ஒப்புதல்ல உங்க பேர் இருக்கு சார்" என்றான். "எழுபது எழுபதா வருது. உட்கார்ந்து படிக்க முடியுமா? படிச்சிட்டிருந்தா உங்க போர்டுல சைபர் எப்ப விழும்?" என்றேன். போர்டு அவனுடையது. சமோசாவும் அவனுடையது. அதற்கு மேல் அவன் என்னைக் கேட்டால் நான் அவனைக் கேட்பேன்.

மேலே இருந்து வந்தவர், "சென்டர்காரங்களுக்கு அறிக்கை கொடுக்கணும். ஒரு பேர் எழுதியாகணும்" என்றார். அவளைப் பார்த்து, "இதை மாத்தும்போது யாரையாவது கேட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் என்றா? நான் கடிகாரம் வைத்தா பார்த்தேன்? பார்த்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நோட்டின் மேல் கை வைத்திருந்தாள், இப்படி, விரித்து. திறப்பாள் என்று... திறக்கவில்லை. "இல்லீங்க சார், நானேதான் போட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான். அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். நானேதான் போட்டேன். யாரும் அடித்தா கேட்டார்கள்? நீங்கள் போலீஸில் இருந்தவர், தெரியாதா? ஒத்துக்கொண்டால் முடிந்தது. தப்பு இல்லாதவள் எதற்கு ஒத்துக்கொள்கிறாள்? நோட்டைத் திறந்திருக்கலாமே. திறந்தால் என்ன, நான் வேண்டாம் என்றா சொன்னேன்? நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அறையில் அதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

போகிற அன்றைக்கு என் தடுப்புக்கு வந்தாள். நின்றாள். "சார், ரிட்டையர்மென்ட் நல்லபடியா நடக்கட்டுங்க" என்றாள். சரி என்றேன். ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி இருந்தாள். மணி பார்த்தேன். ஒன்பது முப்பத்தைந்து. "நேரம் ஆச்சு" என்றேன். போய்விட்டாள்.

பதினோரு மாசம் ஆகிறது. இப்போது என் பேரைக் கொடுத்திருக்கிறாள். எதற்கு? ஊரில் வேறு ஆளே இல்லையா? நான் உள்ளதைச் சொல்கிற ஆள் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் இருக்கும். வேறு எதற்கு?

ஏன் ஒன்றும் பேசாமல் இருக்கிறீர்கள்? குறுக்கே பேசாதீர்கள் என்றால் வாயே திறக்கக் கூடாதென்றா அர்த்தம்? இப்படி உட்கார்ந்துதான் ஸ்டேஷனில் ஆளைப் பேச வைப்பீர்களோ?

கொண்டாருங்கள் அந்தப் படிவத்தை. பேனா.

'நேரந்தவறாமை.' உண்டு. அந்த ஒன்பது நாற்பதைத் தவிர.

'நேர்மை.' இதற்கென்ன, உண்டு. ஆறு வருஷத்தில் பொய் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை... உண்டு என்று எழுதிவிட்டேன். அடுத்தது.

'பணித்திறன், விளக்கவும்.' எழுதுகிறேன். தானாக யோசிக்கிறவர் இல்லை. இல்லை, அது தப்பு, யோசிக்கத்தான் செய்வாள். அடித்துவிடுகிறேன். 'சொன்னதை மட்டும் செய்வார்.' இதுதான் சரி. இதுதான் அவள் குறை. சொன்னதைச் செய்துவிட்டு நிற்பாள்.

என்ன கேட்டீர்கள்?

யார் சொன்னதையா?

படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இருக்கிறதா? இல்லைதானே. இல்லாத கேள்வியைக் கேட்காதீர்கள். இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள், அப்படியே இருந்திருக்கலாம். எழுதியது எழுதியதுதான். அதை அடிக்க மாட்டேன். ஒரே காகிதத்தில் எத்தனை தடவை அடிப்பது?

கடைசிக் கட்டம். 'மேற்படி தவறுக்கு இவரே பொறுப்பா? மீண்டும் பணியில் அமர்த்த ஆட்சேபம் உண்டா?'

ஒரு கட்டத்தில் இரண்டு கேள்வி வைத்திருக்கிறான். முட்டாள்.

ம்.

வெயில் வந்துவிட்டது. அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்கள். இல்லை, வேண்டாம், திறந்தே இருக்கட்டும்.

மயில்சாமி, இதில் ஒன்றும் எழுதாமல் கொடுத்தால் உங்கள் ஆபீஸில் என்னவென்று எடுத்துக்கொள்வார்கள்? திருப்பி அனுப்புவார்களா? கம்ப்யூட்டரில் ஏற்றுவார்களா. ஏற்றினால் அதில் என்ன விழும்?

'ஆட்சேபம் இல்லை.' தானாகவே விழுந்துவிடுமா.

எவன் எழுதினான் அந்தப் புரோகிராமை? பேர் தெரியுமா? எழுதாத கட்டத்தை எழுதினதாக எடுத்துக்கொள்கிறது, அதிலும் பழுதில்லை என்று எடுத்துக்கொள்கிறது. நாளைக்கு ஒரு திருடனைப் பற்றி யாராவது எழுதாமல் விட்டால்? அவனுக்கும் பச்சை விளக்கா? தெரியாது என்பதும் சரி என்பதும் ஒன்றா? இதைத்தானே இவ்வளவு நேரம் தொண்டை வற்றச் சொன்னேன். உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள், சென்னியப்பன் சொன்னான் என்று, அந்த ஒரு இடத்தை உடனே மாற்றச் சொல்லுங்கள்.

இன்றைக்கு இல்லை. அடுத்த வாரம் மாற்றினால் போதும்.

இந்தாருங்கள்.

காலியாகத்தான் இருக்கிறது. தெரியும். எனக்குக் கண் தெரிகிறது, புரை எடுத்தாயிற்று. காலியாகவே இருக்கட்டும். உங்கள் மிஷின் என்ன வைத்துக்கொள்கிறதோ வைத்துக்கொள்ளட்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

கையெழுத்து எங்கே? இங்கேயா? மேலே ஏதோ பொடி எழுத்தில் இருக்கிறதே, என்ன அது? சரி, விடுங்கள். யார் உட்கார்ந்து படிப்பது? போட்டாயிற்று.

இதை அவளுக்குக் காட்டுவீர்களா?

காட்ட மாட்டீர்களா. ரகசியமா. நல்லது.

எழுந்திருங்கள். பதினைந்து நிமிஷம் என்றுதான் கேட்டில் நின்று சொன்னீர்கள், ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அவளைப் பார்த்தீர்களானால்... ஒன்றுமில்லை. பார்க்க மாட்டீர்கள். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறாளா என்று... வேண்டாம். கேட்க வேண்டாம். வைத்திருப்பாள். எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை அவள்.

செருப்பு இந்தப் பக்கம். கேட்டைச் சாத்திவிட்டுப் போங்கள். கொண்டியைப் போட்டீர்களா? போட்டேன் என்று சொல்லாதீர்கள், திரும்பி நின்று பாருங்கள். அது விழுந்த மாதிரி சத்தம் கேட்கும், விழுந்திருக்காது.